சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்

தோட்டத் தொழிலாளி சிக்கனமாக வாழ வேண்டும், சேமிக்கப் பழக வேண்டும் என்று எமக்குப் புத்தி சொல்ல வருபவர்களுக்குக் குறைவே இல்லை. வங்கியிலிருந்து வருகிறார்கள், தொண்டு நிறுவனங்களிலிருந்து வருகிறார்கள். பிள்ளைமடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ கூட்டம் வைத்து, ஆளுக்கு ஒரு உண்டியலும் வரவு செலவு எழுத ஒரு கொப்பியும் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாமும் மரியாதைக்கு உட்கார்ந்து கேட்கிறோம். வெளியே வந்ததும், "வாங்குற சம்பளம் மாவுக்கே பத்தல, இதுல சேமிக்கிறதாம்" என்று சிரித்துவிட்டு லயத்துக்கு நடக்கிறோம்.

அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மாவு, அரிசி, பருப்பு எல்லாம் அந்த ஆண்டில் எங்கே போய் நின்றன என்பதை எந்த வீட்டுக்கும் நாம் நினைவூட்டத் தேவையில்லை. எமது நாட்சம்பளமோ 2021 இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாவிலேயே நின்றது. அந்த நேரத்தில் எந்த உண்டியல் எம்மைக் காப்பாற்றியிருக்கும்? குறைந்த சம்பளத்துக்குச் சிக்கனம் மருந்தாகாது. அது சம்பள உயர்வைக் கேட்பவனின் வாயை அடைக்கச் சொல்லும் வார்த்தையாகவும் பல தடவை இருந்திருக்கிறது. இந்த விடயத்தில் எமது நிலைப்பாடு மாறவில்லை.

அப்படியிருந்தும் வீட்டுக் கணக்கைப் பற்றி இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது. காரணம், தோட்டத் தொழிலாளி சேமிப்பதில்லை என்பதே முதலில் பொய். நாம் சேமிக்கிறோம். ஒவ்வொரு மாதமும், கைக்கு வருவதற்கு முன்பே, சட்டப்படி சேமிக்கிறோம். ஆனால் அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பத்து வீட்டில் எட்டு வீட்டில் பதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கொழுந்து பறிக்கும் சகோதரி மாதத்தில் 20 நாள் வேலைக்குப் போனால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,160 ரூபா கழிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம், 3,240 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மட்டும் 3 சதவீதம், 810 ரூபா கட்ட வேண்டும். மொத்தம் 6,210 ரூபா. வருடத்துக்கு 74,520 ரூபா. உண்டியலில் இருபது ரூபா போடச் சொன்ன ஐயாமார்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு மேல் பணிக்கொடை இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில் கிடைக்க வேண்டும். 30 வருடம் மலையில் நின்றவருக்கு 420 நாட் சம்பளம். 1,350 ரூபாப்படி பார்த்தால் 567,000 ரூபா. வேலையிலிருந்து நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்று வருடக்கணக்காக ஆபீஸ் வாசலில் நிற்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் அறிவார்.

ஆகவே எமது வீடுகளில் சேமிப்பு என்பது முதலில் காகிதத்தைச் சேமிப்பதுதான். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் பார்த்தால் தெரியும். காசை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, சம்பளச் சீட்டைக் கசக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கடையில் வெற்றிலை மடிக்கவும், பிள்ளை கணக்குப் போட்டுப் பார்க்கவும் அது பயன்படுகிறது. எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்கு எமது கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுக் காகிதம்தான். அரச தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக்கூட நிதிக்குக் கட்டாமல் நிலுவை வைத்த கதை ஊரறிந்தது. அங்கே முறைப்பாடு செய்யப் போனபோது தொழில் திணைக்களம் முதலில் கேட்டது சம்பளச் சீட்டைத்தான்.

சீட்டில் இருக்கும் கழிவுகளையும் வாசியுங்கள். முற்பணம், தேயிலைத்தூள், கோயில் பணம், மரண உதவி, டோபி, கடன் தவணை என்று ஒரு பெரிய வரிசை இருக்கும். முடிந்துபோன கடனுக்கு மேலும் இரண்டு தவணை பிடித்ததைக் கண்டுபிடித்துக் காசைத் திரும்ப வாங்கிய அங்கத்தவர்கள் எம்மிடம் உண்டு. தொழிற்சங்கச் சந்தாவும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. அதற்கும் கணக்குக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சீட்டு வாசிக்கத் தெரியாது என்பவர்களுக்கு வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் டவுன் கடையில் கொடுத்த கலண்டர் தொங்குகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி, மாலையில் அன்றைய கிலோவை அன்றைய கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதையும் எழுதட்டும். அரைப்பேர் போட்டால் அரை என்று எழுதட்டும். மாத முடிவில் கலண்டரையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத மாதத்தில், நிறுக்கும் இடத்தில் சத்தம் போடுவதைவிட அந்தக் கலண்டரோடு தோட்டத் தலைவரிடம் வருவது மேல். எழுதி வைத்த கணக்குக்கு முன்னால் கணக்கப்பிள்ளையின் பேச்சு கொஞ்சம் மெதுவாகிவிடும்.

அடுத்தது பெயர். எமது மக்கள் இழந்த பணத்தில் பெரும்பங்கு பெயரில்தான் போயிருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். செக்ரோலில் காளியம்மா. தேசிய அடையாள அட்டையில் முத்துசாமி காளியம்மாள். பிறப்புச் சான்றிதழில், அப்படி ஒன்று இருந்தால், கிளார்க் ஐயா கேட்டு எழுதிய வேறொரு பெயர். கல்யாணம் முடிந்து வேறு தோட்டத்துக்கு வந்ததும் இன்னொரு பெயர். இங்கிலீசில் எழுதும்போது எழுத்து மாறிப்போகும். வேலை செய்யும் வரையில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பேர் விழுகிறது, சம்பளம் வருகிறது. சேமலாப நிதியை எடுக்கப் போகும் நாளில்தான் இந்த நான்கு பெண்களும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டி வருகிறது. சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், பஸ் கூலி, சிங்களத்தில் எழுத ஒருவருக்குக் கைக்கூலி, ஒரு நாள் வேலை போனது என்று அலைச்சல் மாதக்கணக்கில் இழுக்கிறது. அந்த இடைவெளியில்தான் "நான் எடுத்துத் தாறேன், எனக்கு இவ்வளவு தாங்க" என்று தரகர்கள் வந்து சேருகிறார்கள்.

வேலையில் இருக்கும்போதே பெயரைத் திருத்துவது சுலபம். ஆபீசிலும் ஆட்கள் தெரிந்தவர்கள், பழைய துண்டுகளும் கையில் இருக்கும், காலும் நடக்கும். அதோடு வாரிசு நியமனப் படிவத்தையும் பாருங்கள். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள், கல்யாணம் முடித்துப் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அதை மாற்றவில்லை. அம்மா இறந்து எத்தனையோ வருடமாகியிருக்கும். நிதிக்கு அது தெரியாது.

காகிதங்களை எங்கே வைப்பது? பெரும்பாலும் தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், அல்லது கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில். மழை ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். லயங்களில் தீ பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பதும் தெரியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்காது. உயிர் தப்புவதே பெரிதாக இருக்கும் அப்படியான நேரத்தில் காகிதம் தேடிக்கொண்டிருக்க முடியாது. தடித்த பொலித்தீன் பை ஒன்று வாங்கி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கொப்பி, அடகுச் சீட்டு, அஸ்வெசும காகிதங்கள், வருடவாரியாகச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் அதில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளை ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் கொழும்பில் வேலை செய்யும் அண்ணனுக்கு அனுப்பி வைக்கட்டும். ஒன்று போனால் ஒன்று இருக்கும்.

இன்னொரு கேள்வி இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் வருகிறது. செக்ரோலில் பேர் போடுவதா, கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பதா? கைக்காசு அன்றைக்கே கையில் விழுகிறது, ஆகவே இனிக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று மலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையும் அப்படியே. எது நல்லது என்று பார்க்கும்போது இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 15 சதவீத நிர்வாகப் பங்கும், வருடத்துக்கு 14 நாட் பணிக்கொடையும் ஒரு பக்கத் தட்டில் இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டால் கிலோக் காசு அவ்வளவு கூட இல்லை. சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, தற்காலிகமாகவும் துண்டு வேலைக்கும் வருபவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம். கைக்காசு ஆளுக்கு இல்லை என்று ஆபீசில் சொன்னால் எம்மிடம் வாருங்கள்.

இனிக் கடன். சேமிப்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கடனைப் பற்றிப் பேசாமல் போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு ஒரு நாள் லயத்துக்கு வரும் கடன்காரத் தம்பிமார்களை எல்லோருக்கும் தெரியும். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்துக் கொடுக்கும் கடன். உதாரணத்துக்கு 30,000 ரூபா கடன், கிழமைக்கு 720 ரூபா, 50 கிழமை என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடியும்போது 36,000. ஆறாயிரம்தானே வட்டி, 20 சதவீதம்தானே என்பார்கள். கவனியுங்கள். முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். இருபத்தைந்தாவது கிழமையில் உங்கள் கையில் இருப்பது அவர்களுடைய 15,000 மட்டும். வருடம் முழுவதும் சராசரியாக நீங்கள் வைத்திருந்த பணம் 15,000 சொச்சம், அதற்குக் கொடுத்த வட்டி 6,000. அப்படியானால் வட்டி 40 சதவீதத்துக்குக் கிட்ட. கையெழுத்து வைப்பதற்கு முன்பு மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு, அதை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் வாங்குவது ஆரம்பித்துவிட்டால், அந்த வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அடுத்த காம்பராவில் ஒளிந்து நின்ற அம்மாக்களை நாம் அறிவோம்.

தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எமது பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த பயணச் செலவும் கங்காணியின் முற்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும், புதிய தோட்டம் அதைக் கட்ட வேண்டும். வேலியும் காவலும் இல்லாமலே ஆளைக் கட்டிப்போட்டது அந்தக் காகிதம். 1921 இல் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். ஆனால் கடன்பட்ட தொழிலாளி காலை பெரட்டுக்குத் தலை குனிந்து வருகிறான் என்பது சட்டத்தோடு ஒழியவில்லை. ஒரு வேலைநிறுத்தம் மூன்றாவது நாளிலேயே ஆட்டம் காண்பது ஏன் என்று கிளைத் தலைவர்களைக் கேளுங்கள். கிழமைத் தவணைக்கு வெள்ளிக்கிழமை ஆள் வருவான் என்ற பயம் அதில் பாதி. ஒரு மாத மாவும் அரிசியும் வீட்டில் இருக்கும் லயம் பத்து நாள் நின்று பிடிக்கும். கம்பனிக்காரர்களுக்கு இது எம்மைவிட நன்றாகத் தெரியும்.

தீபாவளி முற்பணத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பெயரே முற்பணம். போனஸ் அல்ல, எமது உழைப்பை எமக்கே முன்கூட்டிக் கொடுத்து, பிறகு மாதாமாதம் பிடிக்கும் பணம். அதைக் கூட்டிக் கேட்டுப் போராடுகிறோம், கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது வட்டிக் கடையைவிட மேல். ஆனால் கையில் விழுந்த அன்றைக்கு டவுனுக்குப் போய் உடுப்புக் கடையிலும் வெடிக் கடையிலும் முடித்துவிட்டால், ஜனவரியில் பிள்ளைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கக் கடன்தான். முற்பணத்திலிருந்து கொப்பிக் காசை முதலில் எடுத்து வங்கியில் போட்டுவிட்டுப் பிறகு உடுப்புக் கடைக்குப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பண்டிகை அவர்கள் வீட்டிலும் நன்றாகத்தான் நடக்கிறது.

சாராயத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சம்பள நாளன்று மாலையில் எந்தக் கடையில் கூட்டம் என்று பார்த்தால் போதும். இதைவிட நாம் சொல்ல விரும்புவது வேறு. மனைவி பறித்த கொழுந்துக்குக் கணவன் போய்க் கையெழுத்து வைத்துச் சம்பளம் வாங்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. சம்பளம் வங்கிக்குப் போகும் தோட்டங்களில் கார்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது. உழைத்தவர் கைக்குக் காசு வராத வீட்டில் எந்தத் திட்டமும் நிற்காது. கையெழுத்தைத் தாமே வையுங்கள், கார்டைத் தாமே வைத்திருங்கள் என்று எமது சகோதரிகளிடம் சொல்கிறோம். தோட்டத் தலைவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. தெரிந்துதான் எழுதுகிறோம்.

பெண்கள் தமக்குள் நடத்தும் சீட்டு, எங்கள் பார்வையில், வெளியார் கொண்டுவந்த எந்தத் திட்டத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது. ஒரே லயத்தில் பத்துப் பேர், ஆளுக்கு இரண்டாயிரம், மாதம் ஒருவருக்கு இருபதாயிரம். வட்டி இல்லை, தரகர் இல்லை. யாருக்கு முதலில் என்று குலுக்கிப் போடும்போது, வீட்டில் சடங்கோ ஆஸ்பத்திரியோ இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கும் மனமும் இருக்கிறது. சம்பளத்துக்கு அடுத்த நாளே வசூலிக்க வேண்டும், மூன்றாம் நாள் என்றால் காசு இருக்காது. கழித்து ஏலம் விடும் சீட்டுக்கும், டவுனில் முகம் தெரியாதவர் பிடிக்கும் பெரிய சீட்டுக்கும் போகாதீர்கள். ஓடிப்போனவர்களைப் பிடிக்க நீதிமன்றம் போன செலவு சீட்டுக் காசைவிடக் கூட.

சீட்டுப் பிடிக்கும் அதே பத்துப் பேர் மாவையும் பருப்பையும் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். லயத்துக் கடையில் கடன் கொப்பியில் எழுதி வாங்கும் ஒவ்வொரு கிலோவிலும் கடன் கொடுத்ததற்கான விலையும் சேர்ந்திருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரும் டவுனில் கடனுக்குத்தான் எடுக்கிறார். ஆனால் கொப்பியை மாதம் ஒரு தடவையாவது வாங்கிப் பாருங்கள். இரண்டு தடவை எழுதிய சவர்க்காரக் கட்டிகள் எப்படியும் ஒன்றிரண்டு அதில் இருக்கும்.

அடுத்த கிளைக் கூட்டங்களில் இதற்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பெயர் ஒத்துப்போகாதவர்களின் பட்டியலை மாதர் சங்கத் தலைவிகள் எடுப்பார்கள். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருப்பவர்கள் முதலில் வரட்டும், அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. சீட்டைத் தொலைத்தவர்களும் வரலாம். செக்ரோலின் பழைய பதிவுகளைத் தேடித் தரும்படி ஆபீசுக்கு எழுதுவதற்குக் கடிதமாதிரி ஒன்று எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது.